பர்மாக் கணக்கும் காரைக்குடி வீதியும்

காரைக்குடிக்குச் சரக்கு விற்கவும் வசூலுக்கும் போய்வரும் நம் வியாபாரப் பெருமக்கள், பேருந்து நிலையம், கடைவீதி, மதியச் சாப்பாடு, மறுபடியும் பேருந்து நிலையம் என்று வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள். நாமும் பல ஆண்டுகள் அப்படித்தான் போய்வந்தோம். ஒருமுறை நாம் தேடிப்போன கடைக்காரர் வெளியூர் போயிருந்தார்; மாலையில்தான் வருவார் என்றார்கள். பொழுது போகாமல் பழைய வீதிகளுக்குள் நடக்க ஆரம்பித்தோம். வசூல் அன்று பாதிதான் ஆயிற்று. ஆனால் ஒரு வியாபாரியின் வரவு செலவு எப்படியெல்லாம் சுவராகவும் தூணாகவும் நிற்க முடியும் என்பதை அன்றுதான் பார்த்தோம். அதன்பிறகு காரைக்குடி போகும்போதெல்லாம் ஒரு மணி நேரமாவது அந்த வீதிகளுக்கென்று ஒதுக்கிவிடுகிறோம்.

முதலில் கண்ணில் படுவது நீளம். வீட்டின் முகப்பு ஒரு வீதியில் இருக்கும். பக்கச் சுவரையொட்டி நடந்துகொண்டே போனால், அதே வீட்டின் பின்வாசல் அடுத்த வீதியில் திறக்கும். வீதிகள் கோடு போட்டதுபோல் நேராக ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. வீடுகளோ தரையிலிருந்து ஆளுயரத்துக்கு நெருங்கி மேடையிட்டுக் கட்டப்பட்டிருக்கின்றன. மழை குறைந்த இந்தச் சீமையில் எதற்கு இத்தனை உயரமான அடித்தளம் என்று கேட்டால், நகரத்தார் தங்கள் பூர்வீகத்தைச் சொல்வார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வெள்ளத்துக்குத் தப்பி வந்தவர்கள் தங்கள் முன்னோர், அந்தப் பயம் வீடு கட்டும்போதும் போகவில்லை என்பது வழிவழியாக வரும் பேச்சு. 96 ஊர்களில் குடியேறினார்கள் என்பதும் அப்படிப்பட்ட செய்திதான். இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்குச் சற்று மேற்பட்ட ஊர்கள் செட்டிநாட்டு ஊர்களாக எண்ணப்படுகின்றன.

வீட்டுக்குள் நுழைந்தால் ஓர் ஒழுங்கு உண்டு. முன்னால் திண்ணையோடு கூடிய முகப்பு. அதை ஒட்டியே கணக்கு எழுதும் இடமும் இரும்புப் பெட்டியும். நம்மில் பலர் முன்னால் கடையும் பின்னால் குடித்தனமுமாக இருக்கிறோம் அல்லவா, அதே ஏற்பாடுதான், அளவுதான் வேறு. அதைத் தாண்டினால் வளவு. நடுவில் வானம் பார்த்த முற்றம், நான்கு பக்கமும் தூண்கள் தாங்கும் பத்தி, இருமருங்கும் வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. பெண்டிர் புழங்குமிடம், சாமான் அறைகள், அடுப்படி, கிணறு. வாசற்படியில் நின்றால் நேர்கோட்டில் ஒவ்வொரு நிலைவாசலையும் தாண்டிப் பின்வாசல் வெளிச்சம் தெரியும். நாலாபுறக் கூரையும் முற்றத்தை நோக்கிச் சரிவதால் மழை நீர் முழுதும் உள்ளே விழும். அண்டாக்களில் பிடித்தது போக மிஞ்சியது வடிகால் வழியாக ஊரணிக்குப் போகும். தண்ணீருக்குக் கஷ்டப்பட்ட ஊரில் ஒரு சொட்டையும் வீணாக்கவில்லை.

இந்த வீடுகளெல்லாம் ஒரே காலத்தில் எழுந்தவை என்று நினைத்தால் தவறு. கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரே வீதியில் மூன்று நான்கு தலைமுறைக் கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்பது தெரியும். மிகப் பழையவை தரைத்தளம் மட்டும் உள்ளவை. நாட்டு ஓட்டுக் கூரை, மரத்தூண், தணிந்த திண்ணை. தெருவில் போகிறவரைத் திரும்பிப் பார்க்கவைக்கும் எண்ணம் அந்த வீடுகளுக்கு இல்லை. உப்பும் தானியமும் விற்று, இலங்கைக்குப் போய்வந்து, அளவாக வட்டிக்குக் கொடுத்து வாங்கிய காலத்துக் குடித்தனத்துக்கு ஏற்ற வீடுகள் அவை.

மாறுதல் பர்மாவிலிருந்து வந்தது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவுக்கு அரிசி அனுப்புவது எளிதாயிற்று. ஐராவதி ஆற்றுப் படுகையில் காடு திருத்தி நெல் விளைவிக்கப் பர்மியக் குடியானவனுக்குப் பணம் தேவைப்பட்டது. வெள்ளைக்கார வங்கிகள் அவனை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. செட்டியார் கடைகள் கொடுத்தன. 1929-30இல் அரசு அமைத்த பர்மா வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகளும் அவற்றில் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் முதலும் இருந்தன. அந்தக் காலத்து 75 கோடி என்பதை மறக்கக் கூடாது.

இந்தப் பணம் ஊர் திரும்பியபோது வீடு மேலே எழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் கட்டிய வீடுகளில் மாடி வந்துவிட்டது. மரத்தூணுக்குப் பக்கத்தில் இழைத்த கருங்கல் தூண் வந்தது. பர்மாத் தேக்கு கப்பலேறி வந்து மாட்டு வண்டியில் ஊர் சேர்ந்தது. பிறகு இத்தாலிப் பளிங்கும், பெல்ஜியம் கண்ணாடியும், இங்கிலாந்து இரும்புத் தூணும், ஜப்பான் பூ ஓடும் வந்தன. 1910, 1920களில் எழுந்த வீடுகளின் நெற்றியைப் பார்த்தால் சிரிப்பும் வியப்பும் சேர்ந்து வரும். நடுவில் யானைகள் நீராட்டும் கஜலட்சுமி. அவளுக்கு இருபுறமும் காவலுக்குத் துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாய்! யாரிடம் தொழில் செய்கிறோமோ அவர்களையும் வாசலில் நிறுத்திவிட்டார்கள். உள்ளே முகப்பை அடுத்துப் பெரிய பெரிய பட்டாலைகளும், கல்யாணப் பந்தி நடக்கும் கூடங்களும் சேர்ந்தன. 1930களுக்குப் பின் கட்டியவற்றில் சிமெண்டு தலைகாட்டுகிறது; பொம்மைகள் குறைந்து நேர்கோடும் வளைவுமான புதுமோஸ்தர் வருகிறது. காரைக்குடியில் எல்லாரும் கேட்டு விசாரிக்கும் ‘ஆயிரம் ஜன்னல் வீடு’ 1941இல் கட்டியது என்பார்கள். ஜன்னல்களை எண்ணிப் பார்க்க நமக்குப் பொறுமை இல்லை. அந்த ஆண்டை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

நம் மளிகைக் கடைக்காரர்களுக்குப் பிடித்தமான ஒரு செய்தியை இங்கே சொல்லாமல் போனால் பாவம். இந்த வீடுகளின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். பீங்கானைத் தொட்டதுபோல் வழவழவென்று குளிர்ந்திருக்கும். நூறாண்டாக வெள்ளையடிக்காத சுவர்கள் உண்டு. சுண்ணாம்பும் மணலும் அரைத்த சாந்தில் கடுக்காய் ஊறிய நீர், கருப்பட்டி அல்லது வெல்லம் சேர்த்துப் புளிக்கவைப்பார்கள். பூச்சின் மேல் பூச்சாகப் பலமுறை பூசி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். சுண்ணாம்பையும் மணலையும் தள்ளிவிட்டால் மீதி நம் கடைப் பட்டியல்தான்! இன்று ஒரு வீடு கட்ட நம்மிடம் யாரும் எதுவும் வாங்குவதில்லை என்று நாமும் சொல்லிப் பார்க்கலாம்.

தரைக்குப் போடும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படிக் கைவேலைதான். கண்ணாடித் தட்டின்மேல் தகர அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமெண்டுக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே மணலும் சிமெண்டும் இட்டு அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு வெயிலில் காயவைக்கிறார்கள். சூளை இல்லை, நெருப்பு இல்லை. பளபளப்பு அந்தக் கண்ணாடித் தட்டு கொடுப்பது. வெளிநாட்டுக் கல்லைப் பார்த்து உள்ளூரில் வளர்ந்த இந்தத் தொழில் இன்றும் நடக்கிறது. இத்தாலிப் பளிங்கு வரத்து நின்று எத்தனையோ காலமாயிற்று, ஆத்தங்குடி நிற்கவில்லை.

அடுப்படியையும் ஒரு பார்வை பார்ப்போம். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ என்று நாம் பொட்டலம் கட்டுவதெல்லாம் செட்டிநாட்டுச் சமையலில் தாராளம். பர்மாத் தொடர்பால் வந்தது என்று சொல்லப்படும் கவுனி அரிசி இல்லாமல் அங்கே விசேஷம் இல்லை.

இவ்வளவு பெரிய வீட்டில் யார் இருந்தார்கள்? இங்கேதான் நாம் ஒரு மணி நேரம் நின்று யோசித்தோம். வளவின் இருபுறமும் உள்ள அறைகள் படுக்கை அறைகள் அல்ல. கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒரு பங்கு. நகரத்தார் வழக்கில் மணமான ஆண் ஒருவன் ஒரு ‘புள்ளி’. கோயில் வரிகூடப் புள்ளிக் கணக்கில்தான். அந்தப் புள்ளியின் சாமான், சீர்வரிசைப் பாத்திரம், நகைநட்டு எல்லாம் அவன் அறையில் பூட்டியிருக்கும். முகப்பும் வளவும் பட்டாலையும் எல்லாருக்கும் பொது. கல்யாணமாகிச் சில காலம் ஆனதும் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. வேறு வைப்பது என்றால் வீட்டைவிட்டு அனுப்புவது அல்ல. அதே கூரை, ஆனால் தனி அடுப்பு. அரிசி, புளி, மிளகாய், பருப்பு எல்லாம் அளந்து கொடுத்து, ஆண்டுச் செலவுக்கு இவ்வளவு என்று தொகையும் ஒதுக்கிவிடுவார்கள். அதற்குள் நடத்திக்காட்ட வேண்டும். கோடீசுவரன் மருமகளானாலும் கணக்கு எழுதியே ஆகவேண்டும்.

நம் தொழிலில் கூட்டுக்கடை நடத்தியவர்களுக்கு இதன் அருமை புரியும். முதல் பொது, கூரை பொது, பெயர் பொது. செலவுக் கணக்கு மட்டும் தனித்தனி. அண்ணன் வீட்டில் நெய் அதிகம் செலவானது என்று தம்பி வீட்டில் முணுமுணுப்பு வராது. வீட்டை இவர்கள் ஒரு கூட்டு நிறுவனம்போலவே கட்டினார்கள் என்றுதான் நமக்குத் தோன்றியது.

அவ்வளவு பெரிய வீட்டின் சொந்தக்காரர் ஆண்டில் பாதி நாளாவது அதில் வாழ்ந்தாரா என்றால் அதுவும் இல்லை. மூன்றாண்டுத் தவணைக்குக் கொண்டுவிக்கப் போன ஏஜெண்டும், அவருக்குக் கீழே அடுத்தாளும், பெட்டியடிப் பையனும் ரங்கூனிலோ பினாங்கிலோ இருந்தார்கள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில் ஒரு நீளக் கூடம். ஆளுக்கு ஒரு பாய், ஒரு சாய்வு மேசை, ஒரு பெட்டி. பகலில் அதுவே கடை. இரவில் அதுவே படுக்கை. அங்கே ஒரு பாயின் அகலத்தில் உட்கார்ந்து சேர்த்த பணம் இங்கே ஒரு வீதியிலிருந்து மறுவீதி வரை நீண்டது. இதை வீண் ஆடம்பரம் என்று சொல்பவர்கள் உண்டு. நமக்கு அப்படிப் படவில்லை. வாய்ச்சொல்லையும் உண்டியலையும் நம்பி நடந்த தொழில் அது. பணம் போட வருகிறவர் முதலில் பார்ப்பது போடுகிற இடத்தின் பலத்தை. ஊரில் நின்ற வீடு, வெளிநாட்டில் நடந்த கடைக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டது.

பிறகு விலை விழுந்தது. 1929இல் தொடங்கிய உலக மந்தத்தில் பர்மா நெல் விலை சரிந்ததும் கடன் வாங்கிய குடியானவர்களால் கட்ட முடியவில்லை. அடமான நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் 6 சதவீத நிலம் செட்டியார்கள் வசம் இருந்தது. 1937இல் அது 25 சதவீதமாயிற்று. கேட்பவருக்குச் சொத்து பெருகியதுபோல் தோன்றும். வியாபாரிக்குத் தெரியும், ரொக்கமாகத் திரும்ப வேண்டியது விற்காத சரக்காகத் தலையில் விழுந்தால் அதற்கு என்ன பெயர் என்று. அந்நிய நாட்டின் நிலம் வேறு. பகையும் சேர்ந்து வந்தது.

சிலர் அப்போதே கணக்கை மாற்றி எழுதினார்கள். 1937 பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது ஒரே நாளில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் என மூன்று இடத்தில் கிளை திறந்தார். காரைக்குடி அந்த வரிசையில் இருந்ததே அந்த ஊரின் நிலைக்குச் சாட்சி. வள்ளல் அழகப்பச் செட்டியார் பணத்தைச் சுவரில் போடாமல் கல்லூரியில் போட்டார். 1947இல் அவர் கல்லூரி தொடங்கியது. மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, அதைக் காரைக்குடிக்கே கொண்டுவந்தார்.

1941 என்று சொன்னோமே. அந்த ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மேல் குண்டு வீசினார்கள். 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. பல லட்சம் இந்தியர்கள் காடும் மலையும் நடந்து ஊர் வந்தார்கள். பேரேடும் அடமானப் பத்திரமும் பலருக்குக் கையோடு வந்தன, பணம் வரவில்லை. போர் முடிந்து திரும்பிப் போனவர்களுக்கு 1948இல் விடுதலை பெற்ற பர்மாவின் நில நாட்டுடைமைச் சட்டம் காத்திருந்தது. 1962இல் ராணுவ ஆட்சி வந்து, 1964இல் சின்னக் கடைகள் வரை அரசு எடுத்துக்கொண்டது. அந்த முறை ஊர் திரும்பியவர்களில் நம்மைப்போன்ற பெட்டிக்கடை, பலசரக்குக் கடைக்காரர்களே ஏராளம்.

வீதியில் அதற்குப் பிறகு பெரிய வீடு எழவில்லை. இருந்த வீடுகளில் மட்டும் புள்ளிகள் பெருகின. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கட்டியவருக்கு நான்கு மகன்கள். ஒவ்வொருவருக்கும் மூன்று ஆண் மக்கள் என்றால் பேரன்கள் பன்னிரண்டு. அவர்களுக்கும் அதேபோல் என்றால் முப்பத்தாறு. 1989 முதல் தமிழ்நாட்டிலும், 2005 முதல் நாடு முழுதும் பெண்மக்களுக்கும் பிறப்புரிமைப் பங்கு சட்டப்படி வந்தபின் கணக்கு இன்னும் நீண்டது, அது நியாயமும்கூட. பங்காளிகள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும். ஓடு மாற்ற வேண்டும் என்றால் யார் பணம் போடுவது? முப்பத்தாறில் ஒரு பங்குக்காரர் முழு ஓட்டையும் ஏன் மாற்ற வேண்டும்? ஒரு மழைக்காலம் ஓடு விலகி நின்றால் போதும், தண்ணீர் சுவருக்குள் இறங்கும், உத்திரத்தைக் கரையான் பிடிக்கும். தனித்தனி அடுப்புக்குக் கணக்கு வைத்தவர்கள், பொதுக் கூரைக்கு என்று ஒரு நிதியை ஒதுக்கி வைக்காமல் போன குடும்பங்களில் வீடு முதலில் விழுந்தது. ஒதுக்கி வைத்த குடும்பங்களும் உண்டு. அந்த வீடுகள் இன்றும் பளிச்சென்று நிற்பதை வீதியில் நடக்கும்போதே கண்டுகொள்ளலாம். நாம் பார்த்தவரையில் வீட்டின் வயதைவிட இதுதான் வித்தியாசம்.

கூடி ஒத்துப்போக முடியாத பங்காளிகள் கடைசியில் ஒன்றில் மட்டும் ஒத்துப்போகிறார்கள்: விற்பது. முழு வீட்டை வாங்க ஆள் கிடைக்காதபோது அது பிரித்து விற்கப்படுகிறது. அதன் முடிவைப் பார்க்க விரும்புபவர்கள் முனீஸ்வரன் கோவில் வீதிக்குப் போக வேண்டும். வரிசையாகப் பழம்பொருள் கடைகள். ஆளுயரத்துக்கும் மேலான தேக்கு நிலைகள் சுவரில் சாய்ந்திருக்கின்றன. தூண்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் அடுக்கு, பர்மா அரக்குப் பெட்டி, ரவிவர்மா படம், பித்தளை அண்டா. ஒரு மூலையில் நம் சரக்கும் உண்டு: படி, உழக்கு, மரக்கால், தராசு, தேயிலைக்கும் சோப்புக்கும் அந்தக் காலத்துக் கம்பெனிகள் கொடுத்த எனாமல் விளம்பரப் பலகை. மெட்ரிக் அளவு வந்தபோது நாம் பழைய இரும்புக்குப் போட்ட படிக்கல் இங்கே விலை பேசும் பொருளாக இருப்பதைப் பார்த்து நமக்குக் கொஞ்சம் வயிறெரிந்தது. கடைக்காரர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் வாங்காவிட்டால் அந்த நிலை விறகுக்குப் போயிருக்கும்.

எல்லா வீடும் இந்த வீதிக்கு வந்துவிடவில்லை. 2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. சினிமாப் படப்பிடிப்புக்கு வாடகை வாங்கிக் கூரையைக் காப்பாற்றும் வீடுகளும் இருக்கின்றன. விடுதி வந்த ஊரில் கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேலை, அடுத்துள்ள கடைக்கும் வியாபாரம். ஆனால் ஒவ்வொரு வீடும் விடுதியாக முடியாது என்பதும் தெரிந்ததே.

மீதியுள்ளவை பூட்டிக் கிடக்கின்றன, காவலுக்கு ஒருவரை வைத்து. கல்யாணத்துக்கும் சாந்திக்கும் படைப்புக்கும் மட்டும் திறக்கும். அதற்கு ஒரு வாரம் முன்பு ஒட்டடை அடிப்பார்கள், அறைகளின் பூட்டுக்கு எண்ணெய் விடுவார்கள், சமையல்காரர் கொடுத்த நீளமான பட்டியலோடு ஒருவர் கடைவீதிக்கு வருவார். நாம் காத்திருந்த அந்த மாலையில், வெளியூரிலிருந்து திரும்பிய கடைக்காரர் நம்மிடம் பாதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு அப்படி ஒரு பட்டியலைத்தான் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மிளகாய் மட்டும் ஒரு மூட்டை. மூன்று நாளைக்குத்தான் என்றார்.